பட்டை கட்டியவர்களும் டயர் கழற்றியவர்களும்

கம்பம் பள்ளத்தாக்கின் தென்மேற்குக் கோடியில், கூடலூரைத் தாண்டிக் குமுளி மலைச்சாலை மேலேறத் தொடங்கும் அடிவாரத்தில் அமைந்திருக்கிறது லோயர் கேம்ப். முகாம் ஒன்று ஊராகிவிட்டதைப் பெயரே சொல்லிவிடுகிறது. மலைச்சரிவில் இறங்கிவரும் பெருங்குழாய்களையும் அவை வந்து முடியும் மின்நிலையத்தையும், 2013ஆம் ஆண்டு சனவரியில் திறக்கப்பட்ட பென்னிகுக் மணிமண்டபத்தையும் காணவே வெளியூரார் இங்கு இறங்குகின்றனர். ஆகவே இவ்வூரின் வரலாற்றை அணை, நீர், மின்சாரம் என்னும் மூன்று சொற்களில் முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அடிவாரத்து ஊர் எதுவாயினும் அதற்குச் சக்கரங்களின் வரலாறு ஒன்றும் உண்டு. மேலே போகவேண்டிய சக்கரம் அங்கே நின்று மூச்சு வாங்குகிறது. இறங்கிவந்த சக்கரம் அங்கே நின்று சூடு ஆறுகிறது. நின்ற இடத்தில்தான் பழுது கண்ணில் படும். சக்கரத்தில் மண்ணைத் தொடும் பகுதி அதன் புறவிளிம்பு ஒன்றே. முதலில் நோகும் பகுதியும் அதுவே. அவ்விளிம்பின்மேல் ஒரு வளையத்தை இறுகப் பூட்டுவதற்கும், பூட்டியதை வேண்டும்போது கழற்றுவதற்கும் மனிதன் பட்ட பாட்டின் கதை, வண்டிப் பட்டையிலிருந்து சைக்கிள் டயர் வரை நீள்கிறது.

பெரியாற்று அணை 1887 முதல் 1895 வரை கட்டப்பட்டது. அக்காலத்தில் இப்பள்ளத்தாக்கில் இரயில் பாதை இல்லை. மதுரையிலிருந்து போடிக்கு இரயில் வந்ததே 1928ஆம் ஆண்டில்தான். எனவே கருவிகளும் தளவாடங்களும் மாட்டுவண்டிகளிலேயே மலையடிவாரம் வந்து சேர்ந்தன. அணையைக் கட்டிய பொறியாளரின் பெயர் பள்ளத்தாக்கில் இன்றும் குழந்தைகளுக்கு இடப்படுகிறது. அந்த வண்டிகளுக்குப் பட்டை கட்டிய தச்சரும் கொல்லரும் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அதில் வியப்பில்லை, சக்கரம் ஓடுகிறவரை அதைச் செய்தவனை யார் நினைப்பார்?

தமிழ்க் கவிதை அவர்களை முற்றிலும் மறந்துவிடவில்லை என்பது கவிஞர்கள் அறிந்ததே. பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகராகிய உமணரின் வண்டி வருணிக்கப்படும் இடத்தில், ஆரக்கால்களைத் தன்னுள் வாங்கி நிற்கும் வட்டைக்குச் ‘சூட்டு’ என்னும் பெயர் வருகிறது. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், அதே உமணர் வழியில் நேரக்கூடிய முறிவை முன்னறிந்து வண்டியின் அடியில் கட்டிவைக்கும் சேம அச்சைப் பொகுட்டெழினிக்கு உவமையாக்குகிறார். வழியில் பழுதாகும், அங்கேயே சீர்செய்தாக வேண்டும் என்னும் பயணிகளின் அறிவு எவ்வளவு பழமையானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. (சூட்டு என்பதைச் சூடு என்பதோடு முடிச்சுப் போட்டுச் சொல்லாராய்ச்சி செய்யும் ஆசை சிலருக்கு எழலாம், அது வேண்டாம்.)

ஆயினும் இரும்புப் பட்டையை மரச்சக்கரத்தில் ஏற்றும் வித்தை முழுவதும் சூட்டின் வித்தைதான். பட்டையை வட்டைக்குச் சரியான அளவில் கொல்லர் செய்வதில்லை; வேண்டுமென்றே சற்றுச் சிறிதாகச் செய்வார். சிறிதான வளையம் பெரிதான சக்கரத்தில் ஏறாது. அதைத் தரையில் கிடத்திச் சுற்றிலும் எருமூட்டம் போட்டுச் செங்கனலாக்குவர். நான்கடி விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 150 அங்குலம். அந்த நீளமுள்ள இரும்பு 500 பாகைச் சூடேறினால் ஓர் அங்குல அளவுக்கு நீண்டுகொடுக்கும். அந்த ஓர் அங்குலத்துக்காகத்தான் அவ்வளவு நெருப்பும். பழுத்த பட்டையைக் குறட்டால் தூக்கிவந்து சக்கரத்தில் இறக்கிச் சம்மட்டியால் தட்டி அமர்த்துவர். மரம் கருகிப் புகையத் தொடங்கும் முன் தண்ணீரை ஊற்றுவர். பட்டை சுருங்கும், சுருங்குகையில் வட்டைத் துண்டுகளையும் ஆரக்கால்களையும் குடத்தை நோக்கி நெரித்து, தளர்ந்திருந்த பொருத்துகளையெல்லாம் ஒன்றாக்கிவிடும். ஆணி இல்லாமலேகூடச் சக்கரம் நிற்கும். இறுக்கமே அதன் ஆணி.

இந்த இறுக்கத்தில் ஒரு குறை உண்டு. கட்டிய பட்டையைக் கழற்றவேண்டுமானால் மீண்டும் நெருப்பு வேண்டும், அல்லது பட்டையை வெட்டவேண்டும். கோடையில் மரம் வற்றிச் சுருங்கினாலோ, கழற்ற வேண்டாதபோதே பட்டை கழன்று ஓடும். அதற்காக வண்டியைக் குளத்தில் இறக்கி ஓர் இரவு ஊறவிடுவது உழவர் கண்ட வழி. வேண்டும்போது கழலாது, வேண்டாதபோது கழலும்: இரும்புப் பட்டையின் இந்த முரண்பாட்டைத்தான் இரப்பர் டயரைச் செய்தவர்களும் எதிர்கொண்டார்கள்.

காற்றடைத்த டயரின் பிறப்பை 1888ஆம் ஆண்டிலிருந்து எண்ணுவது வழக்கம். உண்மையில் அது இருமுறை பிறந்தது. ஸ்காட்லாந்துக்காரரான இராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் இளைஞர், இரப்பர் ஏற்றிய துணிக்குழலைத் தோலுறைக்குள் வைத்துக் காற்றடைத்து, அதைச் சக்கரத்தில் திருகாணிகளால் பிணைக்கும் முறைக்கு 1845இல் காப்புரிமை பெற்றார். அதன்மேல் ஓடச் சாரட்டுகள் இருந்தன, மிதிவண்டி இல்லை. தேவை வரும் முன்பே வந்துவிட்ட பொருளாக அது மறக்கப்பட்டது. நாற்பதாண்டு கழித்து, பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டி கல்பாவிய தெருவில் அதிர்வதைப் போக்க எண்ணி, இரப்பர்க் குழல் ஒன்றைத் துணியால் சுற்றிச் சக்கரத்தில் பொருத்திக் காற்றடைத்தார். தாம்சனைப் பற்றி அவர் அறிந்திருக்கவில்லை. 1888இல் டன்லப்புக்குக் காப்புரிமை கிடைத்தது. 1889இல் பெல்பாஸ்ட் பந்தயங்களில் அந்த டயர் பூட்டிய மிதிவண்டி மற்றவற்றையெல்லாம் தோற்கடித்தது. 1890இல் தாம்சனின் பழைய காப்புரிமை வெளிப்பட்டு டன்லப்பின் உரிமை செல்லாதென்றாகியது. பெயர் மட்டும் டன்லப்பினுடையதாக உலகெங்கும் நிலைத்தது.

டன்லப்பின் டயர் மெத்தென்று ஓடியது; வேகமாகவும் ஓடியது. ஆனால் அது சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்தது. குழலைச் சுற்றிய துணியும் இரப்பரும் வளையத்தோடு பசையால் பிணைந்து ஒரே உடலாகிவிடும். முள் குத்தினால் உள்ளே இருக்கும் குழலை எட்ட அவ்வளவையும் உரிக்கவேண்டும். மிதிவண்டிக்கு உயிர் கொடுத்த கண்டுபிடிப்பே மிதிவண்டிக்காரரை நடுவழியில் கைவிடுவதாகவும் அமைந்தது.

1889இல் பிரான்சு நாட்டின் கிளெர்மோன்–பெரான் நகரிலிருந்த மிஷெலின் சகோதரர்களின் இரப்பர்ப் பட்டறைக்கு, டயர் பழுதான மிதிவண்டிக்காரர் ஒருவர் உதவி தேடி வந்தார். டயரை உரித்துச் சீர்செய்து ஒட்டப் பட்டறையாருக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. பசை உலர ஓர் இரவு காத்திருக்க வேண்டியதாயிற்று. மறுநாள் எதுவார் மிஷெலின் அந்த வண்டியில் தாமே ஏறி ஓட்டிப் பார்த்தார். சிறிது தொலைவிலேயே டயர் மீண்டும் பழுதாயிற்று. ஆயினும் அந்தச் சிறிது தொலைவின் சுகம் அவருக்குப் போதுமானதாயிருந்தது. காற்றடைத்த டயரே வருங்காலம் என்பதை அவர் கண்டுகொண்டார். பட்டறையும் பசையும் இல்லாமல் எவரும் கால்மணி நேரத்தில் கழற்றி மாட்டக்கூடியதாக அது ஆகவேண்டும் என்பதையும் கண்டுகொண்டார். வேறொருவர் முதலாவதை மட்டும் கண்டிருப்பார்.

1891இல் மிஷெலின் நிறுவனம் கழற்றக்கூடிய டயருக்குக் காப்புரிமை பெற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் பாரிசிலிருந்து பிரெஸ்ட் சென்று திரும்பும் ஏறத்தாழ 1200 கிலோமீட்டர்ப் பந்தயத்தில் அந்த டயரைப் பூட்டி ஓடிய ஷார்ல் தெரோன் முதல்வராக வந்தார். வழியில் அவருடைய டயரும் பழுதானது. ஆனால் பழுதைத் தீர்க்க அவருக்கு ஓர் இரவு தேவைப்படவில்லை. மறு ஆண்டு பாரிசிலிருந்து கிளெர்மோனுக்குத் தாங்களே ஒரு பந்தயம் நடத்திய மிஷெலின் சகோதரர்கள், கழற்றும் எளிமையை ஊரறியச் செய்யச் சாலையில் ஆணிகளைத் தூவவும் ஏற்பாடு செய்தனர் என்பது வணிக வரலாற்றில் பெயர்பெற்ற செய்தி. பந்தயக்காரர்கள் அவர்களைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்களோ!

இன்று நம் ஊர்ச் சைக்கிளில் உள்ள டயரின் தந்தை மிஷெலின் அல்லர். அவருடைய முதல் டயர் திருகாணிகளால் இறுக்கப்பட்டது. நம்முடையது 1890இல் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்னும் ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற முறையின் வழிவந்தது. அதே ஆண்டில் எடின்பரோவில் இரப்பர்த் தொழில் நடத்திய பார்ட்லெட் என்பவர் இன்னொரு முறையைக் கண்டார். பார்ட்லெட்டின் டயருக்கு ஓரங்களில் தடித்த இரப்பர் விளிம்பு உண்டு. அது உள்நோக்கி வளைந்த ரிம்மின் கொக்கிக்கடியில் காற்றின் அழுத்தத்தால் மாட்டிக்கொள்ளும். காற்றுக் குறைந்தால் கழன்றுகொள்ளும். வெல்ச் வேறு விதமாகச் சிந்தித்தார். டயரின் இரு ஓரங்களிலும் நீளாத கம்பி வளையத்தை வைத்துத் தைத்தார். அவ்வளையத்தின் விட்டம் ரிம்மின் ஓரச் சுவரைவிடச் சிறியது. எனவே காற்றடைத்தபின் எவ்வளவு இழுத்தாலும் அது வெளியே வராது. வெளியே வராத வளையம் உள்ளே போவது எப்படி? நெருப்பில் காய்ச்சிப் பெரிதாக்க இது இரும்புப் பட்டையன்று, இரப்பர் எரிந்துபோகும்.

விடை ரிம்மின் நடுவில் இருக்கிறது. ரிம்மின் ஓரங்களைவிட நடுப்பகுதி தாழ்ந்த பள்ளமாக அமைக்கப்படுகிறது. கம்பி நீளாதுதான், ஆனால் அதன் ஒரு பாதியைப் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டால் எதிர்ப்பாதிக்கு அந்த அளவு இடம் கிடைத்துவிடும். ஓரச் சுவர் எவ்வளவு உயரமோ அதற்குக் குறையாத ஆழம் பள்ளத்துக்கு இருந்தால், ஒருபுறம் தாழ்ந்த வளையம் மறுபுறம் சுவரைத் தாண்டிவிடும். காற்றடைத்ததும் குழல் பருத்துக் கம்பியைப் பள்ளத்திலிருந்து தூக்கி இருபுறச் சுவரோரமாக ஒதுக்கிவிடும்; வளையம் மீண்டும் நடுவிடம் கொள்ளும்; எந்தப் பக்கமும் தளர்வு இராது. கொல்லர் நெருப்பால் பெற்ற ஓர் அங்குலத்தை வெல்ச் ஒரு பள்ளத்தால் பெற்றார். கட்டும்போது இறுக்கமும் கழற்றும்போது நெகிழ்வும் ஒரே பொருளில் வந்தமைந்தன. பார்ட்லெட், வெல்ச் இருவரின் உரிமைகளையும் டன்லப் நிறுவனம் விலைக்கு வாங்கிக்கொண்டது.

இந்தப் பள்ளத்தை அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் உள்ள வேறுபாடுதான் டயர் கழற்றும் தொழிலின் முழு நுட்பமும். தமிழ்நாட்டில் நெடுங்காலம் ஓடிய பெரிய சைக்கிளின் 28 அங்குல டயரில், கம்பி வளையம் அமரும் இடத்தின் விட்டம் 635 மில்லிமீட்டர். டயரின் பக்கத்தில் அந்த எண் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். சுற்றளவு ஏறத்தாழ இரண்டு மீட்டர். விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் சுற்றளவில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் குறையும். ரிம் ஓர் ஊரிலும் டயர் வேறோர் ஊரிலும் செய்யப்படும் நாட்டில் இந்தச் சிறு வேற்றுமை அடிக்கடி நேரும். அதனால்தான் ஒரு டயர் கைப்பிடியிலேயே கழன்று வருகிறது. அதே அளவு எழுதிய இன்னொன்று இரு ஆள் பலத்துக்கும் அசைவதில்லை. போதாக்குறைக்குப் போக்ஸ் கம்பிகளின் முனை ட்யூபைக் குத்தாதிருக்க ரிம்மினுள் சுற்றும் பட்டை இருக்கிறது. அது நைந்துபோனால் பழைய ட்யூபிலிருந்து வெட்டிய வாரை இரண்டு மூன்று சுற்றாகச் சுற்றிவிடுவதுண்டு. பள்ளம் தூர்ந்துவிடும். பிறகு டயர் இறுக்கமாக இருக்கிறது என்று டயரைக் குறைசொல்வார்கள்.

இறுகிய டயரைக் கண்டதும் பலம் காட்டுவது கற்றுக்குட்டியின் அடையாளம். நீண்ட திருப்புளியைச் செருகி, உடல் எடை முழுவதையும் அதன்மேல் போட்டு நெம்புவார். ரிம்மின் ஓரம் வளையும், ட்யூபில் பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரு துளை விழும், ஒரு பஞ்சருக்கு வந்தவர் மூன்று பஞ்சருக்குக் கூலி கொடுப்பார். கை தேர்ந்தவர் நெம்புகோலைத் தொடுமுன் வெகுநேரம் டயரோடு பேசிக்கொண்டிருப்பவர்போல் காணப்படுவார். முதலில் வால் ட்யூபைக் கழற்றிக் காற்றை முழுவதும் போக்குவார். பிறகு இரு பெருவிரல்களாலும் டயரின் பக்கங்களை உள்நோக்கி அழுத்திக்கொண்டே ஒரு சுற்று வருவார். ஓரத்தில் ஒட்டிக்கிடந்த கம்பி விடுபட்டு நடுப்பள்ளத்தில் இறங்கும். அடுத்து, வால்வுக்கு எதிர்ப்புறத்திலிருந்து தொடங்கி, இருபுறமும் கைகளால் டயரை வழித்துக்கொண்டே வால்வு இருக்கும் பக்கத்துக்கு வருவார். கயிற்றுக் கட்டிலின் தளர்வையெல்லாம் ஒவ்வோர் இழையாக இழுத்துக் கால்மாட்டில் சேர்ப்பது போன்றது இச்செயல். சுற்று முழுவதும் சிதறிக் கிடந்த நெகிழ்வு ஓரிடத்தில் திரண்டுவிடும். நெம்புகோல் நுழையவேண்டிய இடம் அதுதான்.

ஏன் வால்வுப் பக்கம்? வால்வின் அடிப்பாகம் பள்ளத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அங்கே கம்பி பள்ளத்தில் இறங்க வழியில்லை. எனவே இறங்கக்கூடிய எதிர்ப்பக்கத்தை இறக்கிவிட்டு, இறங்காத இப்பக்கத்தை ஏற்றவேண்டும். வால்வுக்குச் சிறிது தள்ளி முனை மழுங்கிய நெம்புகோல் ஒன்று. ஒரு சாண் தள்ளி மற்றொன்று. இரண்டாவது எழும்போது டயர் தானாகவே சரசரவென்று ரிம்மைவிட்டு வரும். ஒரு பக்கம் மட்டும் கழன்றால் போதும். பின்சக்கரத்தைச் செயினிலிருந்து பிரிக்காமலேயே ட்யூபை வெளியே இழுத்துத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்துச் சொல்யூசன் தடவி ஒட்டிவிடுவது நம் நாட்டு வழக்கம். ஒட்டியபின் டயரின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்காமல் மாட்டுகிறவர் மறுபடியும் கழற்றுவார். சீமைக் கருவேல முள் ட்யூபைக் குத்திவிட்டு டயரிலேயே தங்கிவிடும் இயல்புடையது.

இந்த இரப்பர் வந்த வழியும் லோயர் கேம்ப்புக்கு அயலானதன்று. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற இரப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைவிட்டு, அந்நாற்றுகள் இலங்கைக்கு வந்தன. இந்தியாவில் வணிக முறையிலான முதல் இரப்பர்த் தோட்டம் 1902இல் திருவிதாங்கூரின் தட்டேக்காட்டில் தொடங்கியது. தட்டேக்காடு பெரியாற்றின் கரையில் உள்ளது. மேலே தேக்கடிக் காட்டில் தடுக்கப்பட்டு, ஒரு மைலுக்குச் சற்று நீண்ட குகைவழியாகக் கிழக்கே திரும்பி லோயர் கேம்ப்பில் இறங்கும் அதே பெரியாறு, மேற்கே தன் பழைய வழியில் போய் இரப்பருக்கு நீரூட்டியது. 1886இல் திருவிதாங்கூர் அரசும் ஆங்கில அரசும் 999 ஆண்டுக்குச் செய்துகொண்ட குத்தகை ஒப்பந்தத்தின் பெயரால் இரு மாநிலங்களும் இன்றுவரை வழக்காடி வருகின்றன. இரப்பர் யாரையும் கேட்காமல் மலை தாண்டிப் போய்வந்துகொண்டிருக்கிறது. கோட்டயத்திலிருந்து முண்டக்கயம் வழியாகக் குமுளிக்கு வரும் சாலை இரப்பர் மரங்களுக்கு நடுவே ஏறுகிறது. அச்சாலை கிழக்கே இறங்கி முடியும் இடம் லோயர் கேம்ப்.

டயர் ஆலையும் மிதிவண்டி ஆலையும் இந்தியாவுக்கு வந்த வரலாறு விரிவானது. இங்கு அதன் எல்லைக்கற்களை மட்டும் குறிப்பிடலாம். வங்காளத்தின் சாகாகஞ்சில் டன்லப் 1936இல் ஆலை தொடங்கியது. சென்னை அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்சு நிறுவப்பட்டு ஹெர்குலிஸ் வண்டி தமிழகத்தின் சாலைகளுக்கு வந்தது. 1959இல் அதே அம்பத்தூரில் டன்லப்பின் இரண்டாவது ஆலை எழுந்தது. மாட்டுவண்டிக்கும் காற்றடைத்த டயர் வந்து, கட்டைவண்டி என்றும் டயர்வண்டி என்றும் உழவர் பேச்சில் வண்டிகள் இரு சாதியாயின. டன்லப்பின் அவ்விரு ஆலைகளும் பிற்காலத்தில் மூடப்பட்டன. வண்டிப் பட்டை கட்டும் உலைகளும் ஏறத்தாழ எல்லா ஊரிலும் அணைந்துவிட்டன. கொல்லரின் நெருப்பு வித்தையும் அவற்றோடு மங்கிப் போயிற்று.

நெம்புகோலின் வித்தைக்கும் அதே கதி வரலாமா என்பது சிந்திக்கவேண்டிய ஒன்று. மிதிவண்டியைப் பற்றித் தமிழ்நாட்டில் நிகழ்ந்த பெருமைக்குரிய நிகழ்ச்சி 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்தது. அங்கு 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம், மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் முயற்சியால், எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்பித்தது. வயல் வேலை செய்வோர், கல்லுடைப்போர், ஊர்ச் செவிலியர், ஆசிரியைகள் என ஆயிரமாயிரம் பெண்கள் சைக்கிள் ஏறினர். பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் வண்டியையே ஏறி ஓட்டினர். பேருந்துக்காகவும் வீட்டு ஆண்களுக்காகவும் காத்திருந்த காலம் அவர்களுக்கு மிச்சமாயிற்று. இதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி உலகறியச் செய்தார். பின்னர் பள்ளி மாணவியருக்கு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டமும் வந்து, 2005ஆம் ஆண்டை ஒட்டி எல்லாப் பிரிவு மாணவ மாணவியருக்கும் விரிந்தது.

பெண்கள் ஓட்டக் கற்றது வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. கழற்றக் கற்றது அவ்வாறு பதிவாகவில்லை. சைக்கிள் கடை நெடுங்காலம் ஆண்களின் இடமாகவே இருந்துவந்தது; மணி வாடகைக்கு வண்டி எடுக்கவும், காற்றடிக்கவும், வெறுமனே உட்கார்ந்து பேசவும் ஆண்களே கூடினர். கடைப்பையன் ஒருவன் பத்து வயதில் பார்த்தே கற்றுக்கொண்டதை, நாள்தோறும் நான்கு மைல் மிதித்துப் பள்ளி செல்லும் மாணவி பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை தொட்டுப் பார்க்காமலே இருக்கக்கூடும். டயரைக் கழற்றுவதற்குத் தேவை பலம் என்று அனைவரும் நம்பியதே இதற்கு ஒரு காரணம். பலம் தேவையில்லை, பள்ளத்தை அறிந்தால் போதும் என்பதைச் சொல்லிக் கொடுக்க ஒரு பிற்பகல் மிகுதி. பள்ளிக்கூடத்தில் நெம்புகோலின் தத்துவம் படம் வரைந்து பாகம் குறித்துக் கற்பிக்கப்படுகிறது. வாசலில் காற்றிறங்கிய சைக்கிள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் இருபது அடி இருக்கலாம்.

கம்பம் பள்ளத்தாக்கில் இப்போது விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்குச் செல்லும் தொழிலாளர் ஜீப்புகளில் மலையேறுகின்றனர். கூடலூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் திராட்சைத் தோட்டங்களுக்கும் நெல்வயல்களுக்கும் செல்வோரில் பலர் மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டனர். பஞ்சர் ஒட்டும் கடைகள் மறையவில்லை. பெரிய டயர்களுக்குத் திரும்பிவிட்டன. ட்யூப் இல்லாத டயரும் வந்துவிட்டது. விலையுயர்ந்த புதுவகை மிதிவண்டிகளில் காற்று கசியாதிருக்க ரிம்மும் டயரும் முன்னிலும் நெருக்கமான அளவில் செய்யப்படுவதால், வெல்ச் தீர்த்துவைத்த பழைய வழக்கு மறுபடியும் உயிர்பெற்றிருக்கிறது. பெருநகரங்களில் பல்லாயிரம் உரூபாய் கொடுத்து வண்டி வாங்கியவர்கள் டயரைக் கழற்ற முடியாமல் விரல் நோகிறார்கள் என்பதைக் கேட்டால் பழைய சைக்கிள் கடைக்காரர்கள் சிரிக்கக்கூடும். அவர்களுக்கும் பள்ளம் இருக்கிறது, தேடவேண்டும், அவ்வளவே.

கழற்றுவதைவிட மாட்டுவதில்தான் பொறுமை சோதிக்கப்படும். ட்யூபில் இரண்டு மூன்று அடி காற்று முதலில் ஏற்றி அதை வட்டமாக்கிக்கொண்டு டயருக்குள் வைக்கவேண்டும். முறுக்கோ மடிப்போ இருக்கலாகாது. கம்பியை ரிம்முக்குள் இறக்கத் தொடங்கவேண்டிய இடம் வால்வுக்கு நேர் எதிர்ப்புறம். முடிக்கவேண்டிய இடம் வால்வு. தலைகீழாகத் தொடங்குகிறவர்களுக்குக் கடைசி ஒரு சாண் ஒருபோதும் ஏறுவதில்லை. அந்தக் கடைசிச் சாணில்தான் நெம்புகோலைத் தேடிக் கை போகும். அங்கே நெம்புவது ட்யூபைக் கிள்ளுவதாகவே முடியும். சிறிது சோப்புத் தண்ணீரைத் தடவி, எதிர்ப்புறத்தை மறுபடி ஒருமுறை பள்ளத்தில் அழுத்தி வழித்துவந்து, இரு உள்ளங்கைகளின் அடிப்பாகத்தாலும் உருட்டினால் கம்பி ‘டக்’கென்ற ஓசையோடு உள்ளே விழும். பிறகு வால்வை ஒருமுறை உள்நோக்கித் தள்ளி, ட்யூப் எங்கும் கம்பிக்கடியில் சிக்கவில்லை என்று இருபுறமும் பார்த்து, பாதிக் காற்றடித்துச் சக்கரத்தைச் சுற்றிவிடவேண்டும். டயரின் ஓரத்தில் உள்ள கோடு ரிம்மைவிட்டு ஒரே அளவு விலகி ஓடினால் மீதிக் காற்றை அடிக்கலாம். ஓரிடத்தில் அது உள்வாங்கி ஓடினால், காற்றை இறக்கி அந்த இடத்தைத் தட்டிக்கொடுத்து மறுபடியும் அடிக்கவேண்டும்.